வருஷத்துல முழு வேதமா, தினம் ஒரு சங்கீதமா, வாக்குத்தத்த வசனம் மட்டும் போதுமா: தனி ஜெப நேரத்துக்கு எந்த முறையை எடுக்கிறது?

ஜனவரி வந்தா எங்க சபை வாலிபர் கூட்டத்துல இந்தக் கேள்வி கண்டிப்பா வந்துரும், "இந்த வருஷம் பைபிள் எப்படி வாசிக்கலாம், ஏதாவது நல்ல பிளான் இருந்தா சொல்லுங்க"ன்னு. கேக்கிற பிள்ளைங்க உண்மையான ஆசையோட தான் கேக்கிறாங்க. ஆனா ஜூன், ஜூலைல போய் விசாரிச்சா பாதிப் பேர் தலையைக் குனிஞ்சுக்குவாங்க. இதை சோம்பேறித்தனம், ஆவிக்குரிய குளிர்ச்சின்னு ஒரே வார்த்தையில முடிச்சிடுறவங்க இருக்காங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. நைட் ஷிஃப்ட் போற பையனுக்கும், ஆறு மாசக் குழந்தையை வச்சிருக்கிற அம்மாவுக்கும், ரிட்டயர் ஆகி வீட்டுல இருக்கிற பெரியவருக்கும் ஒரே அட்டவணையைக் கையில கொடுத்தா அது எப்படி ஓடும்? ஆசையில குறை இல்ல, எடுத்த முறை தான் அவங்கவங்க நாளோட ஒட்டல.

அதனால நம்ம ஜனங்க வழக்கமா எடுக்கிற முறைகளை ஒவ்வொண்ணா வச்சுப் பாக்கலாம்னு நினைக்கிறேன். எது பரிசுத்தமானது எது குறைஞ்சதுன்னு இல்ல, எல்லாமே நல்லது தான். ஆனா தேர்ந்தெடுக்கும்போது நான் ஒரே ஒரு விஷயத்தை முக்கியமா பாப்பேன்: நாலு நாள் விட்டுப் போச்சுன்னா அஞ்சாவது நாள் திரும்ப வந்து உக்கார அந்த முறை விடுதா, இல்ல விட்டதை நினைச்சு கூச வைக்குதா? ஏன்னா காய்ச்சல் வரும், கல்யாண வீடு வரும், செமஸ்டர் பரீட்சை வரும், வீட்டுல யாரையாவது ஆஸ்பத்திரில சேக்க வேண்டி வரும். விட்டுப் போகவே போகாதுங்கிற கணக்குல ஒரு முறையை எடுக்கிறவங்க தான் சீக்கிரம் நின்னுபோறாங்க.

முதல்ல எல்லாருக்கும் தெரிஞ்சது, ஒரு வருஷத்துல முழு வேதாகமம். பழைய ஏற்பாடு 929 அதிகாரம், புதிய ஏற்பாடு 260, மொத்தம் 1189. 365ஆல வகுத்தா ஒரு நாளைக்கு மூணேகால் அதிகாரம், அதாவது சுமார் இருபது நிமிஷம், பாக்க சின்னதா தான் தெரியும். ஆதியாகமம் ஜோரா போகும், ஆபிரகாம், யாக்கோபு, யோசேப்பு எல்லாம் கதை தானே, கீழ வைக்கவே மனசு வராது. யாத்திராகமம் செங்கடல் வரைக்கும் அதே வேகம். ஜனவரி 20ஐத் தாண்டுறப்ப ஆசரிப்புக் கூடாரம், அதாவது வனாந்தரத்துல இஸ்ரவேலர் ஆராதிச்ச கூடாரம், வந்துரும், எத்தனை பலகை, எத்தனை கொளுக்கி, திரைச்சீலை எத்தனை முழம்னு 25ஆம் அதிகாரத்துல தொடங்கி விவரமா சொல்லிட்டு, 35க்குப் போனா அதையே செஞ்சு முடிச்ச கதையா மறுபடி வரும். அது முடிஞ்ச கையோட லேவியராகமம். 13ஆம் அதிகாரத்துல குஷ்டரோகத்தைப் பத்தி 59 வசனம் இருக்கு, காலையில காபி டம்ளரோட உக்காந்து அதை வாசிக்கிற புது விசுவாசிக்கு இது எனக்கு என்ன சொல்லுதுன்னு விளங்காது, விளக்கவும் பக்கத்துல ஆள் இருக்காது. அங்க தான் நிறைய பேர் நிக்கிறாங்க.

நின்னா என்ன ஆகும்னு பாருங்க. ஒரு வாரம் விட்டா 23 அதிகாரம் பாக்கி. ரெண்டு வாரம்னா 46. அதுக்கப்புறம் வேதத்தைத் திறக்கும்போதெல்லாம் கடன்காரன் வாசல்ல நிக்கிற மாதிரி இருக்கும், ஆண்டவர்கிட்ட பேச வந்தோம்ங்கிறதே மறந்து பாக்கியை அடைக்கிறதே வேலையாயிடும், ஓட்டி ஓட்டி வாசிச்சு டிக் அடிச்சுட்டு எழுந்துருவோம். கொஞ்ச நாள்ல அதுவும் முடியாம புஸ்தகத்தையே தொடுறதில்ல.

இதையே கொஞ்சம் புத்தியா பிரிச்சுக் கொடுத்தவர் ஸ்காட்லாந்து டண்டீ ஊர்ல போதகரா இருந்த ராபர்ட் மர்ரே மக்ஷெய்ன். 1842ல தன் சபை ஜனங்களுக்காக ஒரு அட்டவணை போட்டார், மறுவருஷமே 29 வயசுல இறந்தும் போயிட்டார், ஆனா அந்த அட்டவணை இன்னிக்கும் உலகம் பூரா ஓடுது. தினம் நாலு அதிகாரம், நாலும் நாலு வேற வேற இடத்துலேர்ந்து. ஜனவரி 1 அன்னிக்கு ஆதியாகமம் 1, மத்தேயு 1, எஸ்றா 1, அப்போஸ்தலர் 1, அதாவது நாலும் நாலு ஆரம்பம். ரெண்டு அதிகாரம் குடும்பமா வாசிக்க, ரெண்டு தனியா வாசிக்க. வருஷ முடிவுல பழைய ஏற்பாடு ஒரு தடவை, புதிய ஏற்பாடும் சங்கீதமும் ரெண்டு தடவை முடிஞ்சிருக்கும். லேவியராகமம் வாசிக்கிற அதே நாள்ல கையில ஒரு சுவிசேஷமோ நிருபமோ சங்கீதமோ இருக்கிறதால வறட்சி தெரியாது. எனக்கு இவர்கிட்ட ரொம்பப் பிடிச்சது என்னன்னா, அட்டவணையைக் கொடுக்கும்போதே அதுல இருக்கிற ஆபத்தையும் சேர்த்தே எழுதிட்டார்: வெறும் சடங்காயிடலாம், நான் இவ்வளவு வாசிக்கிறேன்னு சுயநீதி வந்துரலாம், கவனமில்லாம மேயலாம், சிலருக்கு இது சுமக்க முடியாத நுகமா ஆகலாம்னு. தான் போட்ட திட்டத்தைப் பத்தியே இப்படி எச்சரிக்கிற மனசு ஒரு நல்ல மேய்ப்பனுக்குத் தான் வரும்.

ஆக முழு வேதத்தை வருஷத்துல முடிக்கிறது யாருக்குன்னு கேட்டா, ஏற்கெனவே அஞ்சாறு வருஷமா தினமும் வாசிக்கிற பழக்கம் உள்ளவங்களுக்கு, ஓய்வு நாள் பள்ளி நடத்துறவங்களுக்கு, பிரசங்கம் பண்றவங்களுக்கு, அதோட ரிட்டயர் ஆனவங்களுக்கு. அவங்களுக்கு இது பெரிய பொக்கிஷம், வேதம் பூரா ஒரே கதைன்னு புரியுற சந்தோஷம் வேற எந்த முறையிலயும் கிடைக்காது. ஏசாயா 53ஐயும் அப்போஸ்தலர் 8ல எத்தியோப்பிய மந்திரி ரதத்துல உக்காந்து அதையே வாசிக்கிறதையும் ஒரே வருஷத்துக்குள்ள பாத்தவனுக்குத் தான் அந்தத் தொடர்பு பளிச்னு தெரியும். புதுசா தொடங்குறவங்களுக்கு மட்டும் நான் இதைச் சொல்றதில்ல. கண்டிப்பா ஏதாவது ஒரு அட்டவணை வேணும்னு கேட்டா வேற ஒரு கணக்கு இருக்கு: புதிய ஏற்பாடு 260 அதிகாரம்னு சொன்னேன்ல, வாரத்துக்கு அஞ்சு நாள், நாளைக்கு ஒரு அதிகாரம், 52 வாரத்துல சரியா 260. சனிக்கிழமை விட்டுப்போனதை வாசிக்கலாம், ஞாயித்துக்கிழமை கோயில்ல கேட்ட வேத பாகத்தையே வீட்டுல வந்து இன்னொரு தடவை வாசிக்கலாம். மூச்சு விட இடம் இருக்கிற திட்டம் இது.

இதுக்கு நேர் எதிர் துருவம் வாக்குத்தத்த வசனம், அதாவது ஆண்டவர் நமக்குக் கொடுக்கிற வாக்குன்னு எடுத்துக்கிற ஒரே ஒரு வசனம். நம்ம ஊர்ல இது ரொம்ப ஆழமா வேரூன்றிப்போன பழக்கம், புது வருஷ ஆராதனையில அட்டை எடுக்கிறது, தினசரி கிழிக்கிற காலண்டர்ல வசனம், டப்பாவுல சுருட்டி வச்ச சின்னச் சின்ன சீட்டு, இப்போ காலையில அஞ்சரை மணிக்கெல்லாம் வாட்ஸ்அப்ல பூ படத்தோட வர்ற வசனம். இதை லேசா பேசுறவங்களோட நான் சேர மாட்டேன். எழுதப் படிக்க அவ்வளவா தெரியாத எத்தனையோ அம்மாக்கள் அந்த ஒரு வசனத்தை மனப்பாடம் பண்ணி அதைச் சொல்லிச் சொல்லியே நாள் பூரா வேலை செஞ்சிருக்காங்க, ஆஸ்பத்திரி வராந்தாவுல உக்காந்து அதையே பிடிச்சுக்கிட்டு ஜெபிச்சிருக்காங்க. ஜெர்மனியில ஹெர்ன்ஹுட் ஊர்ல மொரேவிய சபையார் 1731லேர்ந்து ஒவ்வொரு வருஷமும் நாளுக்கு ஒரு வசனம்னு சீட்டுப் போட்டு எடுத்து அச்சடிச்சுக்கிட்டு வர்றாங்க, அதே விசுவாசம் தான் உலகத்தோட பல மூலைக்கும் அவங்களை மிஷனரியா அனுப்பிச்சு. ஒரு வசனம் ஒரு நாளைத் தாங்கும், அதுல சந்தேகமே இல்ல.

ஆனா அது மட்டுமே சாப்பாடுன்னு ஆயிட்டா என்ன நடக்குதுங்கிறது தான் என் கவலை. எரேமியா 29:11 தெரியாத ஆள் கிடையாது, "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." அதுக்கு முந்தின வசனத்துல பாபிலோன்ல 70 வருஷம் முடிஞ்ச பிறகுன்னு இருக்கு. அதாவது அந்தக் கடிதத்தை வாசிச்சவங்கள்ல பாதிப் பேருக்கு மேல திரும்பிப் போறதைக் கண்ணால பாக்கவே போறதில்ல. அதுக்கும் முன்னாடி 5லேர்ந்து 7 வரைக்கும் பாருங்க, அங்கேயே வீடு கட்டுங்க, தோட்டம் போடுங்க, பிள்ளைங்களுக்குக் கல்யாணம் பண்ணி வைங்க, உங்களைச் சிறை பிடிச்ச அந்தப் பட்டணத்தோட சமாதானத்துக்காக ஜெபம் பண்ணுங்கன்னு ஆண்டவர் சொல்றார். இதையெல்லாம் சேத்து வாசிச்சா அந்த 11ஆம் வசனம் பலவீனமாகல, இன்னும் பத்து மடங்கு பலமாகுது, ஏன்னா நினைச்சது நடக்காத ஊர்ல உக்காந்திருக்கிறவனுக்குச் சொன்ன வார்த்தைன்னு தெரியுது. விசா கிடைக்கும்னு அந்த வசனத்தை எடுத்து வச்சிருந்து விசா கிடைக்காமப் போன பிள்ளைக்கு, அட்டையில இருக்கிற ஒத்த வரி பதில் சொல்லாது, முழு அதிகாரம் சொல்லும். அதனால வாக்குத்தத்தம் எடுக்கிறவங்களுக்கு நான் சொல்றது ஒண்ணு தான்: அந்த வசனம் எந்த அதிகாரத்துல இருக்கோ அந்த அதிகாரத்தை அன்னிக்கே முழுசா வாசிச்சிருங்க. அஞ்சு நிமிஷம் கூட ஆகாது. வாட்ஸ்அப் வசனமே அப்புறம் ஒரு தினசரி வேத பாகமா மாறிடும்.

தியானக் குறிப்பு புஸ்தகம் நடுவுல நிக்குது. ஒரு சின்னப் பகுதி, அதுக்கு ஒரு பக்க விளக்கம், ஒரு ஜெபம். லண்டன்ல 1867ல பிள்ளைங்க மத்தியில தொடங்கின ஸ்கிரிப்சர் யூனியன் ஊழியம் 1879லேர்ந்து தினசரி வாசிப்பு அட்டை போட ஆரம்பிச்சாங்க, அந்த வழி வந்த பழக்கம் நம்ம தென் மாவட்டத்துல எத்தனையோ குடும்பத்துல மூணு தலைமுறையா இருக்கு. தனியா வாசிச்சா புரியலன்னு சொல்றவங்களுக்கு இது நல்ல கைப்பிடி. ஒரே ஒரு சிக்கல், எழுதினவரோட அனுபவக் கதை தான் மனசுல நிக்கும், வேத பாகம் நிக்காது. நிறைய பேர் வசனத்தை மேலோட்டமா பாத்துட்டு நேரா கதைக்குப் போயிடுறாங்க. குறிப்பு வாங்குறதுனா முதல்ல வேத பகுதியை ரெண்டு தடவை வாசிச்சுட்டு, இதுல ஆண்டவரைப் பத்தி என்ன இருக்கு, நான் கீழ்ப்படியணும்னு ஏதாவது இருக்கான்னு தானே யோசிச்சுட்டு, அப்புறமா அந்தப் பக்கத்தைத் திருப்புங்க.

மொபைல் ஆப்ல வர்ற பிளான் பத்தியும் சொல்லிடுறேன். யூவர்ஷன்ங்கிற பைபிள் ஆப் 2008ல வந்தது, இப்போ தமிழ்லயும் நல்லா இருக்கு, வேதம் இலவசமா எல்லார் பாக்கெட்லயும் வந்துருச்சுங்கிறது சாதாரண விஷயம் இல்ல, தரங்கம்பாடியில மிஷனரி சீகன்பால்க் தமிழ் புதிய ஏற்பாட்டை அச்சுல ஏத்தி முடிச்சது 1715, அந்தக் காலத்துல ஒரு பிரதி கைக்கு வர என்ன பாடு பட்டிருப்பாங்க. ஆனா ஜெப நேரத்துக்கு மட்டும் அச்சுப் புஸ்தகம் தான் என்னோட சாய்ஸ், காரணம் ஆப் இல்ல, அதே திரையில மேல வந்து விழுற மத்த மெசேஜ். ஆப்ல தான் வாசிப்பேன்னா ஃபோனை ஏரோபிளேன் மோடுல போட்டுட்டு வாசிங்க. தொடர்ச்சியா எத்தனை நாள்னு அது காட்டுற எண்ணிக்கையையும் பெருசா எடுத்துக்காதீங்க, அது ஒரு நாள் பூஜ்யத்துக்கு வந்துச்சுன்னா ஆண்டவர் முன்னாடி நம்ம கணக்கு பூஜ்யமாயிடல.

இப்போ எனக்கு ரொம்பப் பிரியமான ரெண்டு முறைக்கு வர்றேன்.

முதலாவது, ஒரே புஸ்தகத்தை எடுத்து மெதுவா போறது. மாற்கு சுவிசேஷம் 16 அதிகாரம், தினம் பத்துப் பன்னெண்டு வசனம்னா ரெண்டு மாசத்துல முடியும். பிலிப்பியர் மொத்தமே 104 வசனம், ஏழேழா வாசிச்சா பதினஞ்சு நாள். தேதி கிடையாது, புஸ்தகத்துல ஒரு ரிப்பன் இருந்தா போதும், விட்ட இடத்துல தொடரலாம், பாக்கின்னு ஒண்ணே கிடையாது. ஒரு நோட்டு வச்சுக்கிறது நல்லது, பெருசா எழுத வேண்டாம், ரெண்டு வரி. வாசிச்சதை ஜெபமா மாத்துறது எப்படின்னு தெரியலன்னா மார்ட்டின் லூத்தர் சொன்ன வழி இன்னும் யாராலயும் மிஞ்ச முடியாத வழி. விட்டன்பர்க்ல அவருக்கு முடி வெட்டுற பீட்டர்ங்கிறவர் எப்படி ஜெபம் பண்றதுன்னு கேக்க, 1535ல லூத்தர் அவருக்குன்னே உக்காந்து ஒரு கடிதம் எழுதினார். அவ்வளவு வேலைக்கு நடுவுல ஒரு சாதாரண ஆளோட கேள்விக்கு இவ்வளவு மரியாதை கொடுத்தாரேன்னு நினைக்கிறப்பலாம் மனசு நெகிழும். அதுல அவர் சொல்றது, ஒரு வசனத்தை எடுத்துக்கிட்டு நாலு விதமா அதைத் திருப்பிப் பாரு: இது எனக்கு என்ன கத்துக் கொடுக்குது, இதுக்காக நான் எதுக்கு நன்றி சொல்லணும், இதுல நான் எங்க தவறியிருக்கேன், இதை வச்சு நான் என்ன கேக்கணும்.

ஒரு வசனத்துல வச்சுப் பாருங்க. மாற்கு 1:35, அதிகாலையில இருட்டோட இயேசு எழுந்து வனாந்தரமான இடத்துக்குப் போய் ஜெபம் பண்றார். முந்தின சாயங்காலம் என்ன நடந்துச்சுன்னு 32, 33ல இருக்கு, பட்டணத்தார் எல்லாரும் வீட்டு வாசல்ல கூடிட்டாங்க, ராத்திரி வரைக்கும் நோயாளிகளைச் சுகமாக்கியிருக்கார். அவ்வளவு அசதிக்கு அப்புறமும் பிதாகிட்ட போறார்னு கத்துக்கிறோம். எனக்காகவும் அவர் இப்படி ஜெபிச்சவர்னு நன்றி சொல்றோம். நேத்து ரொம்ப வேலைன்னு சொல்லி நான் தள்ளிப்போட்டதை அறிக்கை பண்றோம். நாளைக்கு எழும்பப் பெலன் தாங்கன்னு கேக்கிறோம். நாலு வாக்கியம், அவ்வளவு தான், ஆனா அது வாயில வந்த மாதிரி சொல்ற ஜெபம் இல்ல, வசனத்துலேர்ந்து வந்த ஜெபம். 36, 37ல பேதுரு பின்னாடியே தேடிக்கிட்டு வந்து "உம்மை எல்லாரும் தேடுகிறார்கள்"னு சொல்றதையும் கவனிங்க, ஜெப நேரத்துல தான் ஃபோன் வரும்ங்கிற அனுபவம் ஆண்டவருக்கும் இருந்திருக்கு.

ரெண்டாவது, சங்கீதம். 150 சங்கீதத்தையும் மாசம் ஒரு தடவை முடிக்கிற வழக்கம் ஆங்கிலிக்கன் ஜெப புஸ்தகத்துல 1549லேர்ந்தே இருக்கு, தேதிக்குத் தேதி காலை இவ்வளவு, மாலை இவ்வளவுன்னு பிரிச்சிருப்பாங்க. 15ஆம் தேதி சாயங்காலம் 78ஆம் சங்கீதம் முழுசா வரும், 72 வசனம். 176 வசனம் உள்ள 119ஐ 24ஆம் தேதி சாயங்காலம் தொடங்கி 26ஆம் தேதி சாயங்காலம் முடிப்பாங்க. அது முடியாதவங்களுக்கு எளிமையான கணக்கு ஒண்ணு இருக்கு: இன்னிக்குத் தேதி எதுவோ அந்தச் சங்கீதம், அதோட முப்பது முப்பதா கூட்டிக்கிட்டே போங்க. 15ஆம் தேதின்னா 15, 45, 75, 105, 135. அஞ்சையும் ஒரு தடவை மேலோட்டமா பாத்துட்டு அன்னிக்கு மனசுக்கு எது ஒட்டுதோ அந்த ஒண்ணை மட்டும் சத்தமா வாசிச்சு அதையே ஜெபமா சொல்லலாம். 119 இந்தக் கணக்குல 29ஆம் தேதி தான் வரும், நீளம்னு தோணினா 149 எடுத்துக்கலாம். நீதிமொழிகள் 31 அதிகாரம் இருக்கிறதால அதையும் இப்படித் தேதி பாத்து வாசிக்கிறவங்க உண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்கு அது ரொம்ப ஏத்தது.

இதுல விட்டுப் போன நாள்ங்கிறது கிடையவே கிடையாது. 9ஆம் தேதி விட்டா விட்டது தான், அது அடுத்த மாசம் தானா வரும், இன்னிக்கு 10, பத்தாவது சங்கீதத்தைத் திறங்க. அதோட சங்கீதம் நமக்கு வார்த்தையையும் கொடுக்குது, இது பெரிய விஷயம். மனசு உடைஞ்சு கிடக்கிற நேரத்துல ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம்னு சொல்ல வாய் வராது, அப்படி வரலன்னா விசுவாசம் இல்லன்னு நம்மளை நாமே குத்திக்குவோம். 13ஆம் சங்கீதத்துல தாவீது முதல் ரெண்டு வசனத்துக்குள்ளேயே நாலு தடவை "எதுவரைக்கும்"னு கேக்கிறான். 88ஆம் சங்கீதம் இருட்டுல தொடங்கி இருட்டுலயே முடியுது, கடைசியில ஒரு ஆறுதல் வரி கூட இல்ல, ஆனாலும் அது "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே"ன்னு கூப்பிட்டுத் தான் ஆரம்பிக்குது. இந்த மாதிரி வசனம் எந்த வாக்குத்தத்த அட்டையிலயும் வராது. பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுக்குப் போகும்போது கையில 88 இருக்கிறவனும் "கர்த்தர் என் மேய்ப்பர்"ங்கிற 23 மட்டும் இருக்கிறவனும் ஒண்ணு இல்ல. சங்கீதத்தை மாசா மாசம் சுத்தி வர்றவனுக்கு ரெண்டும் கையில இருக்கும்.

ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) குடும்பங்களுக்கு இந்தக் குழப்பம் பாதி குறைவுன்னு சொல்லலாம், அன்றாடத் திருப்பலி வாசகங்களைத் திருச்சபையே தேர்ந்து கொடுத்துருது, வார நாள்ல முதல் வாசகம் பெரும்பாலும் ரெண்டு வருஷச் சுற்றா வரும், நற்செய்தி வருஷா வருஷம் அதே வரிசையில வரும், நடுவுல பதிலுரைப் பாடலா ஒரு சங்கீதமும் கிடைச்சிரும். கோயிலுக்குப் போக முடியாத நாள்லயும் வீட்டுலயே அதை வாசிச்சா அன்னிக்கு உலகம் பூரா வாசிக்கிற அதே பகுதியை நாமும் வாசிக்கிறோம், தேதியோட போறதால பாக்கியும் சேராது. சாயங்காலம் செபமாலை சொல்ற வீடுகள்ல மறையுண்மை (அந்த ஜெபத்துல தியானிக்கிற இயேசு, மரியாள் வாழ்க்கை நிகழ்ச்சி) ஒவ்வொண்ணுக்கும் முன்னாடி அதுக்குரிய நற்செய்திப் பகுதியை ரெண்டு வரி வாசிச்சுக்கிட்டா மனசு அலையாது.

ஆடியோ பைபிள் பத்தி சுருக்கமா: பஸ்ல நின்னுக்கிட்டு போறவங்களுக்கும், கண்பார்வை மங்கின பெரியவங்களுக்கும், தமிழ் பேச வரும் வாசிக்க வராதுங்கிற இங்கிலீஷ் மீடியம் பிள்ளைங்களுக்கும் இது வரப்பிரசாதம். வெளிப்படுத்தல் 1:3 வாசிக்கிறவனை மட்டும் இல்ல, கேக்கிறவங்களையும் பாக்கியவான்கள்னு சொல்லுது, ஆதி சபையில முக்கால்வாசிப் பேர் காதால கேட்டுத் தான் வளந்தாங்க. சுவிசேஷமும் நியாயாதிபதிகள், சாமுவேல் மாதிரி சரித்திரப் புஸ்தகமும் கேக்க நல்லா இருக்கும், ரோமர் நிருபத்தைக் கேட்டுப் புரிஞ்சுக்கிறது கஷ்டம், அதுக்குக் கண்ணும் பென்சிலும் வேணும்.

காலையா ராத்திரியாங்கிறது அடுத்த கேள்வி. காலை தான் சிறந்ததுன்னு பிரசங்கத்துல கேட்டுக் கேட்டு, காலையில முடியாதவங்க முடியவே முடியாதுன்னு விட்டுடுறாங்க. 55ஆம் சங்கீதத்துல அந்திசந்தி மத்தியானம்னு மூணு வேளையும் இருக்கு, தானியேல் மூணு வேளை முழங்கால்ல நின்னான். காலையில பிள்ளைங்களுக்கு டிபன் கட்டி ஸ்கூல் வேன் ஏத்திவிடுற அம்மாவுக்கு ஒன்பதரை மணி தான் அதிகாலை, வேன் போன உடனே வாசல் கதவைச் சாத்திட்டு பத்து நிமிஷம் உக்காரட்டும், பாத்திரம் அப்புறம் கழுவிக்கலாம். கடிகாரத்துல இருக்கிற நேரத்தை விட, எந்த வேலைக்கு அப்புறம்ங்கிறது முக்கியம். குளிச்ச உடனே, வேன் போன உடனே, ஷிஃப்ட் முடிஞ்சு ரூமுக்கு வந்து செருப்பைக் கழட்டின உடனேன்னு ஏற்கெனவே தினம் நடக்கிற ஒண்ணோட முடிச்சுப் போட்டா அது நிக்கும்.

வாசிச்சுட்டு ஜெபமா, ஜெபிச்சுட்டு வாசிப்பான்னும் கேப்பாங்க. பிரிஸ்டல்ல அநாதைப் பிள்ளைங்களுக்காக இல்லம் நடத்தின ஜார்ஜ் முல்லர் ரொம்ப வருஷமா எழும்பின உடனே நேரா ஜெபத்துக்குப் போயிட்டிருந்தவர். முதல் பத்து நிமிஷம், கால் மணி, சில நாள் அரை மணி கூட மனசு எங்கெங்கேயோ சுத்திட்டிருக்கும்னு அவரே எழுதியிருக்கார். 1841ல தான் வேதத்தை முதல்ல வாசிச்சு தியானிச்சு அப்புறம் ஜெபிக்க ஆரம்பிச்சார், அதுக்கப்புறம் அந்த அலைச்சல் பெரும்பாலும் இல்லன்னு சொல்றார். அவ்வளவு பெரிய ஜெப வீரருக்கே மனசு அலைஞ்சுதுன்னா நமக்கு அலையுறதுல ஆச்சரியம் இல்ல. ஒரு வரி "பேசும் ஆண்டவரே"ன்னு சொல்லிட்டு வாசிங்க, வாசிச்சதை வச்சு ஜெபம் பண்ணுங்க.

தனி ஜெபமா குடும்ப ஜெபமான்னு சிலர் ரெண்டையும் எதிரெதிரா வைக்கிறாங்க, அப்படி வைக்க வேண்டியதே இல்ல. ஆனா ஒண்ணுக்குத் தான் இப்போ பெலன் இருக்குன்னா, பத்து வயசுக்குக் கீழ பிள்ளைங்க இருக்கிற வீட்டுல நான் குடும்ப ஜெபத்தை முன்னாடி வைப்பேன். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி பாய் விரிச்சு, ஒரு கீர்த்தனையோ ஞானப்பாட்டோ ரெண்டு சரணம், ஆளுக்கு ஒரு வசனமா ஒரு பகுதி, ஒருத்தர் ஜெபம், கடைசியில எல்லாரும் சேந்து பரமண்டல ஜெபம், பதினஞ்சு நிமிஷம் போதும். அப்பா அரை மணி நேரம் பிரசங்கம் பண்ணினா பிள்ளைங்க சுவர்ல சாஞ்சு தூங்கத் தான் செய்யும். வாசிக்கத் திணறுற பிள்ளைக்குச் சின்ன வசனமா கொடுங்க, தப்பா வாசிச்சா யாரும் சிரிக்கக் கூடாது. ஜெபக் குறிப்பைப் பிள்ளைங்க வாயால சொல்ல விடுங்க, கணக்குப் பரீட்சை, கூடப் படிக்கிற பையனோட சண்டை, தெருவுல அடிபட்ட நாய்க்குட்டி, எதுவானாலும் சரி, அதை அப்படியே ஜெபத்துல சேத்துக்கோங்க. கணவன் மனைவி அன்னிக்குச் சண்டை போட்டிருந்தா அந்தப் பாயில உக்காரும்போது தான் பேச்சு திரும்ப வரும், இது நான் பல வீட்டுல பாத்தது.

சரி, ஆளுக்கு எதுன்னு கேட்டா என் மனசுல இருக்கிறது இது. ஹாஸ்டல்ல இருக்கிற காலேஜ் பிள்ளைக்கு ஒரே புஸ்தகத்தை மெதுவா, நோட்டோட, முடிஞ்சா ரூம்ல இன்னொருத்தனைச் சேத்துக்கிட்டு. கைக்குழந்தைக்காரிக்கு ஒரு நாளைக்கு ஒரு சங்கீதம், பால் கொடுக்கும்போது ஆடியோ, இந்தக் காலம் முடியுற வரைக்கும் அதுக்கு மேல அவளை யாரும் கேக்க வேண்டாம். வியாதியில, துக்கத்துல இருக்கிறவங்களுக்கு சங்கீதம் மட்டும், வேற எந்தத் திட்டமும் வேண்டாம். வேலைக்குப் போற நடுவயசுக்காரங்களுக்கு வாரம் அஞ்சு அதிகாரக் கணக்குல புதிய ஏற்பாடு. ரொம்ப வருஷமா வாசிக்கிறவங்களும் போதிக்கிறவங்களும் மக்ஷெய்ன் அட்டவணையை எடுங்க, அதுவும் பாரமா இருந்தா ரெண்டு வருஷமா நீட்டிக்கோங்க, அவரோட அட்டவணையே தினம் ரெண்டு ரெண்டா பிரிச்சுக்க வசதியா தான் இருக்கு.

ஒண்ணை எடுத்தா மூணு மாசமாவது மாத்தாதீங்க, யாராவது புது பிளான் அனுப்பினாலும் தாங்க்ஸ் சொல்லி வச்சுட்டு கையில இருக்கிறதையே தொடருங்க. இதுவரைக்கும் எதுவுமே இல்லாம இப்போ தான் தொடங்குறீங்கன்னா மாற்கு 1ஆம் அதிகாரம் 1லேர்ந்து 15 வரைக்கும் நாளைக்கு வாசிங்க, அவசரமே வேண்டாம், ரெண்டு தடவை வாசிச்சுட்டு, பீட்டருக்கு லூத்தர் சொன்ன அந்த நாலு கேள்வியை ஏதாவது ஒரே வசனத்துல வச்சுப் பாருங்க, 16ஆம் வசனத்தை அடுத்த நாளைக்கு விட்டுருங்க.